மேயருக்குப் போட்ட மனு எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

மான்செஸ்டர், லீட்ஸ், கோவென்ட்ரி, ஷெஃபீல்டு பக்கம் படிக்கவும் வேலைக்கும் போனவர்கள், அவர்களை அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்கள் என்று இரண்டு தரப்பிலிருந்தும் அந்த ஊர்களின் உள்ளாட்சி பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

மகன் மான்செஸ்டரில் படிக்கிறான், வாடகைக்கு வீடு ஓல்டமில். வீட்டுக் காகிதங்களில் 'ஓல்டம் மெட்ரோபாலிட்டன் பரோ' என்று வருகிறது. இது நம் மாநகராட்சி மாதிரியா, மாவட்டம் மாதிரியா?
– ந. பா., திருப்பூர்

நம் மாநகராட்சி செய்யும் வேலைகளோடு இன்னும் பல வேலைகளும் அதன் தலையில் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது கிரேட்டர் மான்செஸ்டர், மெர்சிசைடு, சவுத் யார்க்‌ஷயர், வெஸ்ட் யார்க்‌ஷயர், வெஸ்ட் மிட்லண்ட்ஸ், டைன் அண்ட் வேர் என்று ஆறு பெருநகரக் கவுன்டிகள் உருவாயின. அவற்றுக்குள் 36 மாவட்டங்கள். அந்த 36ம்தான் மெட்ரோபாலிட்டன் பரோக்கள். லீட்ஸ், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்றவை நகரம் என்ற பட்டம் பெற்றிருப்பதால் 'சிட்டி கவுன்சில்' என்று போட்டுக்கொள்கின்றன. சட்டப்படி அவையும் இதே வகைதான்.

முதலில் மேலே கவுன்டி கவுன்சில், கீழே பரோ கவுன்சில் என்று இரண்டு அடுக்கு இருந்தது. 1986இல் மேல் அடுக்கைக் கலைத்துவிட்டார்கள். இப்போது பள்ளிச் சேர்க்கை, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, உள்ளூர்ச் சாலைகள், கட்டட அனுமதி, குப்பை அள்ளுவது, நூலகம், பூங்கா, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் பரோ பொறுப்பு. காவல், தீயணைப்பு, பேருந்து போன்றவை பல பரோக்களுக்கும் பொதுவான அமைப்புகளிடம் இருக்கின்றன. கிரேட்டர் மான்செஸ்டரில் பத்துப் பரோக்களும் சேர்ந்த கூட்டு ஆணையம் 2011இல் அமைந்தது. அதற்கென்று மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் 2017இல் வந்தார்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். கல்லூரி மான்செஸ்டரில் இருந்தாலும் குப்பைத் தொட்டி, கவுன்சில் வரி (நம் வீட்டு வரி போன்றது), ஓட்டு மூன்றும் ஓல்டம் கவுன்சிலோடுதான். டிராமும் பேருந்தும் கூட்டு ஆணையத்தின் கீழ். வீடு சாடில்வொர்த் பக்கமோ, ஷா, கிராம்ப்டன் பக்கமோ இருந்தால் அடியில் பாரிஷ் கவுன்சில் என்ற சிற்றூர் மன்றம் ஒன்றும் உண்டு. அதற்கு அதிகாரம் சொற்பம்.

லண்டன் பரோக்கள் 32 இருக்கின்றன. அவை வேறு சட்டத்தில் 1965இல் வந்தவை, தேர்தல் முறையும் வேறு. லண்டனில் இருக்கும் உறவினர் சொல்வதை வைத்து ஓல்டம் நடைமுறையை முடிவு செய்ய வேண்டாம்.

கோவென்ட்ரிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கிட்டத்தட்ட ஒவ்வொரு மே மாதமும் வாக்கு அட்டை தபாலில் வருகிறது. போன வருடம்தானே வாக்களித்தோம், சபை கலைந்துவிட்டதா?
– இ. ச., கோவென்ட்ரி

கலையவில்லை. அங்கே சபையை முழுதாக ஒரே நாளில் தேர்ந்தெடுப்பதில்லை, மூன்றில் ஒரு பங்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோவென்ட்ரியில் 18 வார்டு, வார்டுக்கு மூன்று கவுன்சிலர், மொத்தம் 54 பேர். ஒவ்வொருவர் பதவிக்காலமும் நான்கு ஆண்டு. மூவரின் காலமும் வெவ்வேறு ஆண்டில் முடிவதால் மூன்று ஆண்டு தொடர்ந்து, ஆண்டுக்கு ஓர் இடத்துக்குத் தேர்தல். நான்காம் ஆண்டு ஓய்வு. 2022, 2023, 2024 தேர்தல் ஆண்டுகள், 2025 ஓய்வு, 2026இல் மீண்டும் சுற்று தொடக்கம். நாள் வழக்கமாக மே மாத முதல் வியாழன், காலை 7 முதல் இரவு 10 வரை.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரு கட்சி அலையில் சபை ஒரே இரவில் தலைகீழாகாது. ஆனால் மக்கள் கோபம் எவ்வளவு இருந்தாலும் ஒரே தேர்தலில் ஆட்சியை மாற்றுவது கடினம். மூன்றில் ஒரு பங்கு இடங்கள்தான் களத்தில் இருக்கும். வரி ஏற்றம் போன்ற கசப்பான முடிவுகளை ஓய்வு ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் ஆசையும் தலைவர்களுக்கு வருகிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் முழுச் சபைத் தேர்தலுக்கு மாற வழிவிட்டது. பர்மிங்ஹாம் 2018இல் மாறியது; 69 வார்டு, 101 கவுன்சிலர், சில வார்டில் ஒருவர், சில வார்டில் இருவர். டான்காஸ்டர், ராதர்ஹாம், செயின்ட் ஹெலன்ஸ், லிவர்பூல், விர்ரல் ஆகியவையும் நான்காண்டுக்கு ஒருமுறை முழுத் தேர்தலுக்குப் போயிருக்கின்றன. ஊழலோ நிர்வாகச் சரிவோ வெளிப்பட்ட இடங்களில் முழுத் தேர்தல் நல்லது என்பது எங்கள் கருத்து. எப்போது வாய்ப்பு வரும் என்று காத்திருக்கும் வாக்காளருக்கு அது ஒரு நேர்மையான பதில்.

ஸ்டாக்போர்ட்டில் 2023இல் மூன்று பேருக்கு எக்ஸ் போட்டோம். அடுத்த வருடம் ஒருவருக்கு மட்டும் என்றார்கள். ஏன்?
– ஒரு வாசகி, ஸ்டாக்போர்ட்

வார்டு எல்லைகளைத் திருத்தினால் பழைய வார்டுகள் மறைந்துவிடும். அதனால் அந்த ஒரு முறை எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல். எல்லைகளையும் கவுன்சிலர் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது இங்கிலாந்துக்கான உள்ளாட்சி எல்லை ஆணையம். ஒரு கவுன்சிலருக்கு இத்தனை வாக்காளர் என்ற கணக்கு வார்டுக்கு வார்டு ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்பதே அதன் முதல் அளவுகோல். ஸ்டாக்போர்ட், ஓல்டம், போல்டன், டேம்சைடு, டிராஃபோர்ட், விகன் எல்லாம் 2023இல் இப்படி முழுத் தேர்தல் கண்டவை.

அந்தத் தேர்தலில் வார்டில் முதலிடம் பிடித்தவருக்கு 2027 வரை பதவி, இரண்டாமவருக்கு 2026 வரை, மூன்றாமவருக்கு 2024 வரை மட்டும். இப்படித்தான் முறைச்சுற்று திரும்ப நடைமுறைக்கு வருகிறது. ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்களுக்குள்ளும் நூறு ஓட்டு வித்தியாசம் மூன்று ஆண்டுப் பதவி வித்தியாசம் ஆகிவிடும்.

மூன்று இடத்துக்கான சீட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் போட்டாலும் செல்லும். ஓர் இடத்துக்கான சீட்டில் மூன்று எக்ஸ் போட்டால் முழுச் சீட்டும் செல்லாது. முன் வருடப் பழக்கத்தில் இதைச் செய்து ஓட்டை வீணாக்குகிறவர்கள் உண்டு. சீட்டின் தலைப்பிலேயே எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். பெயரையோ கையெழுத்தையோ சீட்டில் எழுதினாலும் தள்ளுபடிதான்.

எங்கள் தெருவில் கனரக வாகனங்கள் வருவதைத் தடுக்க மேயருக்கு மனு எழுதினோம். 'கேபினட் உறுப்பினருக்கு அனுப்பியுள்ளோம்' என்று ஒரு வரி பதில். மேயருக்கு அதிகாரம் இல்லையா?
– ர. கி., போல்டன்

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி அணிந்து பள்ளி விழாவுக்கு வரும் போல்டன் மேயர் சபையின் தலைமை இருக்கையில் அமர்பவர். மே மாத ஆண்டுக் கூட்டத்தில் கவுன்சிலர்களே தங்களுக்குள் ஒருவரை ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற நகரங்களில் 'லார்டு மேயர்' என்று அழைப்பார்கள். சாலை, வரி, பள்ளி எதிலும் அவர் முடிவெடுப்பதில்லை. ஒரே ஓர் இடத்தில் அவர் கை ஓங்கும்: தீர்மானத்தில் இரு பக்கமும் சமமாக நின்றால் அவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத சபையில் அது சிறிய விஷயமில்லை.

அதிகாரம் இருப்பது 'லீடர்' என்ற கவுன்சில் தலைவரிடம். 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெரும்பாலான பரோக்கள் இந்த அமைப்பில்தான் நடக்கின்றன. முழுச் சபை தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் தன்னையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மிகாத கேபினட்டை அமைப்பார். சாலை ஒருவர், குழந்தைகள் நலம் ஒருவர், நிதி ஒருவர் என்று துறை பிரியும். நம் மந்திரிசபையை அப்படியே ஊர் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. உங்கள் மனு சாலைத் துறை கேபினட் உறுப்பினரிடம் போனது சரியான இடம்தான். தலைவரை நீக்கும் உரிமையும் சபைக்கு உண்டு.

பெரிய செலவாகவோ பல வார்டுகளைப் பாதிப்பதாகவோ இருக்கும் முடிவை 'முக்கிய முடிவு' என்று வகைப்படுத்துவார்கள். அதை எடுப்பதற்குக் குறைந்தது 28 நாள் முன்பே கவுன்சில் இணையதளத்தில் அறிவிக்க வேண்டும். ஊர் விவகாரத்தில் அக்கறை உள்ளவர்கள் மாதம் ஒருமுறை அந்த அறிவிப்புப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. முடிவு வந்தபின் எதிர்ப்பவர்களைவிட, வருமுன் எழுதுகிறவர்களுக்கே பலன் அதிகம். முடிவு வந்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. கேபினட்டில் இல்லாத கவுன்சிலர்கள் கொண்ட கண்காணிப்புக் குழு, குறிப்பிட்ட சில வேலைநாளுக்குள் அந்த முடிவை நிறுத்திவைத்து விசாரிக்கக் கேட்கலாம். விசாரித்துவிட்டு 'மறுபடி யோசியுங்கள்' என்று திருப்பி அனுப்ப அந்தக் குழுவால் முடியும், ரத்து செய்ய முடியாது.

ஆண்டு வரவுசெலவு, கவுன்சில் வரி, ஊர் வளர்ச்சித் திட்டம், சபையின் சொந்த விதிமுறைகள் ஆகியவை முழுச் சபைக்கு மட்டும் உரியவை. கட்டட அனுமதியும் மது உரிமமும் கேபினட்டுக்கே போகாது. அவற்றுக்குத் தனிக் குழுக்கள். குழு இடங்களைச் சபையில் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கிட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கட்டட அனுமதிக் குழுவில் இருக்கும் கவுன்சிலரிடம் போய் 'எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று வாக்குக் கொடுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். மனதை முன்பே பூட்டிக்கொண்டவர் என்று ஆகிவிட்டால் அவர் அந்த ஓட்டெடுப்பிலேயே கலந்துகொள்ள முடியாமல் போகலாம். உங்கள் பக்கம் ஓர் ஓட்டுக் குறையும். அதே வார்டில் குழுவில் இல்லாத கவுன்சிலரைப் பிடித்து உங்களுக்காகப் பேசச் சொல்லுங்கள்.

விதிவிலக்குகள் இரண்டு வகை. சால்ஃபோர்ட், டான்காஸ்டர், நார்த் டைன்சைடு ஆகிய இடங்களில் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே மேயர்தான் நிர்வாகத் தலைவர், அவர் முன்வைக்கும் வரவுசெலவைச் சபை மாற்ற வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். லிவர்பூலிலும் 2012 முதல் 2023 வரை அப்படி இருந்து பழைய முறைக்குத் திரும்பியது. ஷெஃபீல்டு வேறு திசையில் போனது. 2021 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் கேபினட் வேண்டாம் என்றார்கள். 2022 முதல் அங்கே குழுக்களே முடிவெடுக்கின்றன.

அங்கே ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரியா?
– மு. தே., மதுரை

இல்லை. வழக்கமாக மேலிருந்து யாரையும் அனுப்புவதில்லை. தலைமை நிர்வாகியைக் கவுன்சிலே விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்தி, வேலைக்கு வைக்கிறது. நம் மாநகராட்சிகளுக்கும் அவற்றுக்கும் இருக்கும் மிகப் பெரிய வித்தியாசம் இதுதான் என்று தோன்றுகிறது. அவரோடு சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய இன்னும் இரண்டு அதிகாரிகள் முக்கியம். சபை சட்டம் மீறாமல் பார்த்துக்கொள்பவர் ஒருவர். நிதிப் பொறுப்பாளர் மற்றவர். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 151ஆம் பிரிவு அவர் பதவியைச் சொல்வதால் 'செக்‌ஷன் 151 ஆபீசர்' என்றே அழைக்கிறார்கள். பணம் கையை மீறினால் அவர் ஆளும் கட்சியைக் கேட்காமலே அறிவிப்பு வெளியிடலாம். கீழே பர்மிங்ஹாம் பதிலில் அதைப் பார்க்கலாம்.

மாணவர் விசாவில் லீட்ஸில் இருக்கிறேன். இந்தியக் குடிமகளான எனக்கு அங்கே ஓட்டு உண்டு என்று நண்பர்கள் சொல்வது உண்மையா?
– ஒரு மாணவி, லீட்ஸ்

உண்மை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். காமன்வெல்த் குடிமக்கள் முறையான தங்கும் அனுமதியோடு அங்கே வசித்து, 18 வயது நிறைந்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலிலும் கூட. இந்த உரிமை தெரியாமலேயே படிப்பை முடித்துத் திரும்பியவர்கள் ஏராளம். பல வார்டுகளில் மூன்றில் ஒருவர்தான் வாக்களிக்க வருகிறார் என்னும்போது, ஒரு தெரு மாணவர்கள் சேர்ந்து போனாலே முடிவு மாறும். தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

இணையத்தில் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்றால் காரணத்தை எழுதலாம், பிறகு வேறு சான்று கேட்டு எழுதுவார்கள். கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு. படிக்கும் ஊரில் ஒரு முகவரி, வேறு கவுன்சில் எல்லையில் நிலையான வீடு ஒன்று என்று இருந்தால் இரண்டிலும் பதிந்து, இரண்டு உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் ஒரே இடம்.

2023 மே முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட் இரண்டும் செல்லும். காலாவதியாகியிருந்தாலும் முகம் ஒத்திருந்தால் ஏற்பார்கள். பல்கலைக்கழக அட்டை செல்லாது. போனில் இருக்கும் இ-விசாவும் செல்லாது.

நம்மவர்கள் சிக்குவது பெயரில்தான். வாக்காளர் பட்டியலில் 'எஸ். கவிதா' என்று பதிந்திருப்பார்கள், பாஸ்போர்ட்டில் 'கவிதா சுந்தரம்' என்று அப்பா பெயர் குடும்பப்பெயராக விரிந்திருக்கும். சில பாஸ்போர்ட்டில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். சிறிய வித்தியாசத்தைச் சாவடி அலுவலர் பெரிதாக்க மாட்டார். ஆனால் வேறு ஆள் போலத் தெரிந்தால் ஆதாரம் கேட்பார். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் சான்றிதழைக் கையில் வையுங்கள். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே இட்டால் இந்தத் தொல்லையே வராது. செல்லத்தக்க அட்டை எதுவும் இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வாக்குப்பதிவுக்கு ஆறு வேலைநாள் முன்பு மாலை 5 மணி வரை நேரம் உண்டு.

மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருக்கிறேன். எனக்கு?
– ஓர் அம்மா, ஷெஃபீல்டு

உங்களுக்கு இல்லை அம்மா. அந்த முகவரியில் வசிப்பவராக இருக்க வேண்டும், விருந்தாளியாக வந்து தங்குவது அந்தக் கணக்கில் வராது.

தபால் ஓட்டுப் போட்டேன். எண்ணிக்கையில் சேர்க்கவில்லை என்று பிறகு கடிதம் வந்தது.
– வி. ம., வெஸ்ட் மிட்லண்ட்ஸ்

தபால் உறைக்குள் ஓட்டுச் சீட்டோடு ஓர் அறிக்கைத் தாளும் இருக்கும். அதில் பிறந்த தேதியும் கையெழுத்தும் வேண்டும். பலர் பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டவர் அறிக்கையில் ஆங்கிலத்தில் போடுகிறார். ஒரே வீட்டில் கணவன் மனைவி அறிக்கைகள் உறை மாறிப் போகின்றன. இந்த மூன்றில் எது நடந்தாலும் ஓட்டு எண்ணிக்கைக்கு வராமல் போகலாம். ஒருவர் உறையை முழுதாக ஒட்டி முடித்தபின் அடுத்தவர் உறையைப் பிரியுங்கள்.

விண்ணப்பிக்கக் கடைசி நேரம் வாக்குப்பதிவுக்கு 11 வேலைநாள் முன்பு மாலை 5 மணி. தபாலில் அனுப்ப நேரமில்லை என்றால் வாக்குச்சாவடியில் நேரில் கொடுக்கலாம். உங்களுடையதோடு இன்னும் ஐந்து பேருடையது வரை, அங்கே ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கவுன்சில் அலுவலகக் கடிதப் பெட்டியில் போட்டால் செல்லாது. கட்சிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து 'நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்' என்றால் கொடுக்காதீர்கள். வெளியார் தபால் ஓட்டை அவர்கள் கையில் வாங்குவதே குற்றம்.

நிரந்தரவாச உரிமையோடு விகனில் இருக்கிறேன். கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாமா? டெபாசிட் எவ்வளவு?
– செ. அ., விகன்

நிற்கலாம், டெபாசிட்டே கிடையாது. 'டெபாசிட் காலி' என்ற பேச்சுக்கே அங்கே உள்ளாட்சித் தேர்தலில் இடமில்லை. மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர் ஓட்டுப் போடலாம், போட்டியிட முடியாது. காமன்வெல்த் குடிமக்களில் நிரந்தரவாச உரிமை பெற்றவர், அல்லது அனுமதியே தேவைப்படாதவர் நிற்கலாம். அதோடு அந்தப் பரோவின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். அல்லது கடந்த 12 மாதமாக அங்கே வசித்தோ, முக்கிய வேலையிடம் அங்கே இருந்தோ, சொத்தோ வாடகை இடமோ வைத்திருந்தோ இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலிலேயே சம்பளம் வாங்குபவர் நிற்க முடியாது. கவுன்சில் பள்ளியில் சமையல் உதவியாளராக இருப்பவர்களும் இதில் மாட்டிக்கொள்வது உண்டு. முதலாளி யார் என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

மனுவில் முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். இருவரும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். எதிர்ச் சாரி வீடு அடுத்த வார்டில் இருக்கும், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். பட்டியல் எண்ணைச் சரிபார்த்து எழுதுங்கள். கட்சி சார்பில் நின்றால், கட்சி அதிகாரி தந்த சான்றிதழில் உள்ள வாசகமும் மனுவில் உள்ள வாசகமும் ஒத்துப்போக வேண்டும். வாக்குப்பதிவுக்கு 19 வேலைநாள் முன்பு மாலை 4 மணிக்குள் நேரில் ஒப்படைக்க வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. சில நாள் முன்பே கொண்டுபோனால் தேர்தல் அலுவலகத்தில் சரிபார்த்துச் சொல்வார்கள். கடைசி மணி நேரத்தில் போனால் திருத்த அவகாசம் இருக்காது.

செலவு வரம்பு 960 பவுண்டு, அதோடு வார்டு வாக்காளர் ஒருவருக்கு 8 பென்ஸ். 8,000 வாக்காளர் உள்ள வார்டில் 1,600 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு துண்டறிக்கையிலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயர் முகவரி இருக்க வேண்டும். முடிவு வந்து 35 நாளுக்குள் செலவுக் கணக்கு, தோற்றவரும்கூட. ஒரு பவுண்டும் செலவழிக்கவில்லை என்றாலும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

ஜெயித்த பிறகு இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டால், சபை முன்கூட்டியே அனுமதித்திருந்தாலன்றிப் பதவி போகும். கவுன்சில் வரியை இரண்டு மாதம் பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் வரவுசெலவு ஓட்டெடுப்பில் கலந்துகொள்ள முடியாது. தன் வரியைக் கட்டாதவர் ஊர் வரியைத் தீர்மானிக்கலாகாது என்ற விதி எங்களுக்கு மிகவும் பிடித்தமானது.

பர்மிங்ஹாம் கவுன்சில் திவாலாகிவிட்டது என்கிறார்கள். கவுன்சில் வரி ஏறிக்கொண்டே போகிறது. பில்லில் யார் யாருக்கு எவ்வளவு போகிறது?
– க. லோ., பர்மிங்ஹாம், இதே கேள்வி இன்னும் சிலர்

கவுன்சில் சட்டப்படி திவாலாக முடியாது. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கவும் முடியாது, வரவும் செலவும் பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாது என்று தெரிந்தால் நிதிப் பொறுப்பாளர் 114ஆம் பிரிவு அறிவிப்பு வெளியிடுவார். பர்மிங்ஹாமில் 2023 செப்டம்பர் 5 அன்று அது வந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய பழைய பாக்கி முக்கியக் காரணம். புதிய கணினி முறை சொதப்பியதும் சேர்ந்தது. அறிவிப்பு வந்தால் சட்டம் கட்டாயப்படுத்தும் சேவைகள் தவிரப் புதிய செலவு நிற்கும், 21 நாளுக்குள் சபை கூட வேண்டும். பிறகு மத்திய அரசு, ஆணையர்களை அனுப்பியது. பொதுவாகக் கவுன்சில் வரியை 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும். பர்மிங்ஹாம் தனி அனுமதி பெற்று 2024-25இல் 9.99 சதவீதம் ஏற்றியது.

பில்லை எடுத்துப் பாருங்கள். முதல் வரி பரோவுக்கு, அதோடு முதியோர் பராமரிப்புக்கான தனிச் சேர்க்கை. பிறகு காவலுக்கும் தீயணைப்புக்கும் தனித்தனி வரிகள். பாரிஷ் இருந்தால் அதற்கும் ஒன்று. வசூலிப்பது பரோ என்பதால் திட்டு முழுவதும் அதற்கே விழுகிறது, காவல் பங்கை அது தீர்மானிப்பதில்லை.

வீட்டின் பிரிவு ஏ முதல் ஹெச் வரை. 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்பதே இன்றும் அடிப்படை. அன்று 40,000 பவுண்டு வரை ஏ, 3,20,000க்கு மேல் ஹெச். டி பிரிவு கட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கு ஏ பிரிவுக்கு, இரு மடங்கு ஹெச் பிரிவுக்கு. ஒருவர் மட்டும் வசித்தால் 25 சதவீதம் தள்ளுபடி. எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் வரியே இல்லை. ஒரு மாணவரும் வேலைக்குப் போகும் ஒருவரும் இருந்தால் மாணவரைக் கணக்கில் எடுக்காமல் 25 சதவீதம் குறைப்பார்கள். எதுவும் தானாக வராது. விண்ணப்பித்துக் கல்லூரிச் சான்று இணைக்க வேண்டும். பத்துத் தவணையைப் பன்னிரண்டாக்கித் தரும்படியும் கேட்கலாம்.

வரியைச் சபை மார்ச் 11க்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த ஓட்டெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராகப் பதிவாகும், இணையதளத்தில் பார்க்கலாம். மே மாதம் உங்கள் வாசலுக்கு வரும் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சாலைப் பள்ளத்தில் விழுந்து கார் டயர் வெடித்தது. கவுன்சில் பணம் தருமா?
– த. ந., ராச்டேல்

தரலாம், தராமலும் போகலாம். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் கவுன்சிலுக்கு ஒரு தற்காப்பு உண்டு: முறையாகச் சோதனை செய்தோம், இந்தப் பள்ளம் எங்களுக்குத் தெரியாது என்று காட்டினால் தப்பிக்கும். உங்களுக்கு முன்பே யாராவது அந்தப் பள்ளத்தைப் புகார் செய்து, நியாயமான காலத்தில் அடைக்கவில்லை என்றால் அந்தத் தற்காப்பு பலவீனமாகும். அதனால் சோதனைப் பதிவையும் முந்தைய புகார்களையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். பள்ளத்தின் ஆழம் தெரிய ஏதாவது அளவுப் பொருளை வைத்துப் படம் எடுங்கள், இடம், தேதி, நேரம் எழுதுங்கள், டயர் ரசீதை வையுங்கள். மோட்டார்வே, சில பெரிய சாலைகள் கவுன்சிலுக்குச் சொந்தமில்லை, அவை தேசிய நெடுஞ்சாலை நிறுவனத்தைச் சேர்ந்தவை. தவறான இடத்துக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் போகும்.

அலுவலகம் நடந்துகொண்ட விதத்திலேயே குறை என்றால் கவுன்சிலின் புகார் முறையை முழுதாக முடித்து, இறுதிப் பதில் கடிதம் வாங்கிக்கொண்டு, உள்ளாட்சி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பிரச்சினை தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை. இதற்கிடையே வார்டு கவுன்சிலர் மூவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள், புகார் எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள். மூவரில் யாருக்கு அடுத்த மே மாதம் தேர்தலோ அவரிடமிருந்து பெரும்பாலும் முதல் பதில் வரும்.